யாருக்கு, எதை? ஆங்கில வினைகளும் அவற்றின் இரண்டு செயப்படுபொருள்களும்

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் தங்கும் விடுதிகளின் கைப்பேசிகளுக்கு ஓய்வே கிடையாது. பெங்களூரிலிருந்து வருபவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே பதில் தட்டிவிடுகிறார்கள். ‘வீ வில் செண்ட் யூ தி லொக்கேஷன்’ என்று ஒரு செய்தி போகிறது. குறை சொல்ல முடியாத வாக்கியம். அதன் பின்னாலேயே ‘வீ வில் எக்ஸ்ப்ளெயின் யூ தி ரூட்’ என்று இன்னொன்று போகிறது. இது தவறு. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைதான்: யார், என்ன செய்வார், யாருக்கு, எதை. முதல் வாக்கியத்தை ஏற்கும் ஆங்கிலம் இரண்டாவதை ஏன் ஏற்பதில்லை என்று அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ‘எக்ஸ்ப்ளெயினுக்குப் பிறகு டு போட வேண்டும், மனப்பாடம் செய்துகொள்’ என்பதோடு பாடம் முடிந்திருக்கும்.

மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். இந்த வினைகளைப் பிரிப்பதற்கான அளவுகோலில் பெரும்பகுதி தமிழ் பேசுபவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துக் கையில் கொடுத்தால் போதும்.

பள்ளியில் சொல்லித் தருவது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். வாக்கிய அமைப்புப் பாடத்தில் எஸ் (எழுவாய்), வி (வினை), ஐஓ (மறைமுகச் செயப்படுபொருள்), டிஓ (நேரடிச் செயப்படுபொருள்) என்று எழுத்துகளைப் போட்டுப் பிரிக்கச் சொல்வார்கள். வினையைப் பார்த்து ‘எதை’ என்று கேட்டால் கிடைப்பது நேரடிச் செயப்படுபொருள். ‘யாருக்கு’ என்று கேட்டால் கிடைப்பது மறைமுகச் செயப்படுபொருள். ‘தி கண்டக்டர் கேவ் மீ எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் நேரடி, ‘மீ’ மறைமுகம். இதையே ‘தி கண்டக்டர் கேவ் எ டிக்கெட் டு மீ’ என்று திருப்பியும் எழுதலாம். திருப்பும்போது பெறுபவருக்கு முன்னால் ‘டு’ வந்து நிற்கும். இதில் பிழை ஏதும் இல்லை. தேர்வுக்கும் இது போதும். ஆனால் மாணவர் மனத்தில் ஒரு முடிவு சத்தமில்லாமல் பதிந்துவிடுகிறது: யாருக்கு, எதை என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால் எந்த வினையையும் இப்படித் திருப்பலாம் என்ற முடிவு. தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தமிழில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. ‘எனக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள்’, ‘ஒரு டிக்கெட் எனக்குக் கொடுங்கள்’, ‘கொடுங்கள் எனக்கு ஒரு டிக்கெட்’ என்று எப்படி மாற்றிப் போட்டாலும் வாங்குபவர் யார் என்பதில் குழப்பம் வராது. ‘கு’ என்ற உருபு அவரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆங்கிலமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன; நம் நான்காம் வேற்றுமைக்கு இணையான ஒன்றும் அவற்றில் உண்டு. கொடுப்பவர், வாங்குபவர், பொருள் ஆகிய மூன்றையும் விகுதியே காட்டிக்கொடுத்தது. 11-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய சில நூறு ஆண்டுகளில் அந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. விகுதி செய்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டுமே. ஒரு பாதியைச் சொல்லின் இடம் ஏற்றுக்கொண்டது. மறுபாதியை ‘டு’, ‘ஃபார்’ போன்ற முன்னிடைச்சொற்கள் ஏற்றுக்கொண்டன. இன்று நாம் படிக்கும் இரண்டு அமைப்புகளும் அப்படிப் பிறந்தவை. வினைக்கு அடுத்து முதலில் நிற்பவர் பெறுபவர், அடுத்து நிற்பது பொருள்; இதுதான் இரட்டைச் செயப்படுபொருள் அமைப்பு. அல்லது பொருள் முதலில் வந்து, பெறுபவர் ‘டு’வோடு பின்னால் வருவார். ‘தி டிரைவர் ஷோட் தி டூரிஸ்ட் தி ஷாப்’ என்பதில் எந்த விகுதியும் இல்லை. யார் பார்த்தார், எது காட்டப்பட்டது என்பதை நிற்கும் வரிசை மட்டுமே சொல்கிறது.

நம் ‘கு’ செய்யும் வேலைகள் பல. நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை எனப் பொருள்களை அடுக்குகிறது. ‘இரவலனுக்குக் கொடுத்தான்’ என்பதும் கு. ‘பாம்புக்குப் பகை கருடன்’ என்பதும் கு. ‘கூலிக்கு வேலை செய்தான்’ என்பதும் கு. இவை போதாதென்று ‘கோத்தகிரிக்குப் போனேன்’ என்று இடத்துக்கும் அதையே வைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தின் இரட்டைச் செயப்படுபொருள் அமைப்போ இந்தப் பரப்பில் ஒரு சிறு மூலையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது: கொடையில் பெரும்பகுதியையும், பொருட்டு என்பதில் ஒரு பகுதியையும். தமிழில் ‘கு’ வருகிறதே என்று பார்த்து ஆங்கிலத்தில் அந்த ஆளை வினைக்கு அடுத்து உட்கார வைத்தால் பாதி நேரம் தவறிவிடுவது இதனால்தான்.

அப்படியானால் அந்த மூலையை எப்படி அடையாளம் காண்பது? நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தின் செயல் முடிந்த பிறகு, ‘அவருக்கு அது கிடைத்தது’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் ஆங்கிலத்தில் அவர் வினைக்கு அடுத்து நிற்கத் தகுதி உள்ளவர்.

‘அக்காவுக்கு வர்க்கி அனுப்பினேன்’. அக்காவுக்கு வர்க்கி கிடைத்தது, சொல்ல முடிகிறது. ஆகவே ‘ஐ செண்ட் மை சிஸ்டர் வர்க்கி’ சரி. ‘கோயம்புத்தூருக்கு வர்க்கி அனுப்பினேன்’. கோயம்புத்தூருக்கு வர்க்கி கிடைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்து சேர்ந்தது என்றுதான் சொல்வார்கள். ஊர் எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாது. ஆகவே ‘ஐ செண்ட் கோயம்புத்தூர் வர்க்கி’ தவறு. ‘ஐ செண்ட் வர்க்கி டு கோயம்புத்தூர்’ என்றே எழுத வேண்டும். இரண்டு இடத்திலும் தமிழில் கு, ஆங்கிலத்தின் நீண்ட வடிவில் இரண்டு இடத்திலும் டு. ஆனால் குறுகிய வடிவம் ஆளை மட்டும் உள்ளே விட்டு ஊரை வெளியே நிறுத்துகிறது. கோயம்புத்தூர் என்று சொல்லி அங்குள்ள தலைமை அலுவலகத்தைக் குறித்தால் கதை மாறும். அலுவலகத்துக்கு அறிக்கை கிடைக்கலாம், ஆகவே ‘ஐ செண்ட் ஹெட் ஆபீஸ் தி ரிப்போர்ட்’ சரிதான்.

இந்தச் சோதனை ‘ஃபார்’ வரும் வினைகளிலும் அதே அளவு பயன்படுகிறது. ‘எனக்கு ஒரு டீ போடு’ என்றால் முடிவில் எனக்கு டீ கிடைக்கிறது. ‘மேக் மீ எ டீ’ சரி. ‘எனக்குக் கதவைத் திற’ என்றால் கதவு திறக்கும், நான் உள்ளே போவேன், ஆனால் கதவு எனக்குக் கிடைத்துவிடாது. ‘ஓபன் மீ தி டோர்’ தவறு. ‘ஓபன் தி டோர் ஃபார் மீ’ சரி. ‘பை மீ எ ஷால்’ சரி, ‘வாஷ் மீ தி கார்’ தவறு. இப்படி ஒருவர் பொருட்டுச் செய்வதும், ஒருவருக்குக் கிடைக்கச் செய்வதும் தமிழில் ஒரே உருபில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது.

கிடைப்பது கைப்பொருளாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சேதி கிடைக்கும், பாடம் கிடைக்கும், காட்சி கிடைக்கும். அதனால் டெல், டீச், ஷோ, ரீட் எல்லாம் இந்த அமைப்பில் வருகின்றன. இனிமேல் கிடைக்கப்போவதும் சேர்த்தி: ‘ஹி பிராமிஸ்ட் மீ எ ரூம்’ என்றால் அறை இன்னும் கைக்கு வரவில்லை, வரும் என்ற சொல் மட்டுமே வந்திருக்கிறது. கிடைக்காமல் தடுப்பதும் சேர்த்திதான்: ‘தே ரெஃப்யூஸ்ட் அஸ் என்ட்ரி’. இ-பாஸ் எடுக்காமல் மலையேறி வந்து சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு இந்த வாக்கியம் பொருந்தும், அனுமதி கிடைக்கவில்லை. கையிலிருப்பது போவதும்கூட இதற்குள் வருகிறது. ‘இட் காஸ்ட் மீ 500 ருபீஸ்’, ‘தே ஃபைண்ட் ஹிம் 500 ருபீஸ்’ (அவருக்கு அபராதம் போட்டார்கள்) என்ற வாக்கியங்களில் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை, இருந்தது போயிற்று. இந்தச் சில வினைகளுக்கு நீண்ட வடிவமே கிடையாது. ‘இட் காஸ்ட் 500 ருபீஸ் டு மீ’ என்று எழுதினால் தவறு. கிடைத்தல், கிடைக்கப்போதல், கிடைக்காமை, இழத்தல் என்று எல்லாமே உடைமையைச் சுற்றியே நிற்பதைக் கவனியுங்கள். இந்த அமைப்பின் உயிர் அந்த உடைமைதான்.

இங்கே தமிழரின் காதுக்கு இன்னொரு உதவியும் இருக்கிறது. ‘சாவியை மேலாளருக்குக் கொடுத்தேன்’ என்பதற்கும் ‘சாவியை மேலாளரிடம் கொடுத்தேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். முதலாவதில் சாவி அவருக்கு என்றே ஆகிவிட்டது. இரண்டாவதில் அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவே; நாளை நானே திரும்ப வாங்கிக்கொள்வேன். ஆங்கிலத்தின் ‘கிவ்’ இந்த அளவுக்கு நுணுக்கம் பார்ப்பதில்லை. கையில் வைத்திருப்பதையும் அது கிடைத்ததாகவே கொள்ளும், அதனால் ‘ஐ கேவ் தி மேனேஜர் தி கீ’ இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் பெறுபவர் ஒருவர் இருக்கிறாரா, அல்லது பொருள் போய்ச் சேரும் இடம் மட்டும் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உருபுகளின் வழியே வந்துவிட்டது. ஆங்கிலத்துக்குத் தேவையானது அதே பழக்கம்தான்.

பெறுபவர் யார் என்பதை ஒரு மொழி எங்கே வைத்துக் காட்டுகிறது என்ற கேள்விக்கு நீலகிரியிலேயே மூன்றாவதாக ஒரு விடை இருக்கிறது. தமிழ் பெயரோடு உருபை ஒட்டுகிறது; ஆங்கிலம் வரிசையில் காட்டுகிறது; கோத்தர் மொழியும் தோடர் மொழியும் வினையையே மாற்றிவிடுகின்றன. எனக்கோ உனக்கோ கொடுத்தால் ஒரு வினை, வேறொருவருக்குக் கொடுத்தால் இன்னொரு வினை. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி இந்த மலையின் மொழிகளைக் கோத்தர், தோடர் மக்களிடமே கேட்டு எழுதிக்கொண்ட மொழியியலாளர் எமனோ, இதைத் திராவிட மொழிகள் பலவற்றோடும் ஒப்பிட்டு 1945-இல் ஒரு தனிக் கட்டுரையே வெளியிட்டார். வருதல், தருதல் ஆகிய இரண்டு வினைகள்தான் அதன் பொருள். தமிழுக்கும் இது புதிதில்லை. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் விதிக்கிறது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழில் ‘அவனுக்குத் தந்தேன்’ என்று எழுதிவிடும் அளவுக்குத் தளர்ந்துவிட்டது. கொடுப்பது என்ற ஒரு செயலைச் சொல்ல இத்தனை ஏற்பாடுகள் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட மாணவர், ஆங்கிலத்தின் ஏற்பாட்டைக் கண்டு மிரள மாட்டார் என்பது என் நம்பிக்கை.

சரி, ‘எக்ஸ்ப்ளெயின்’ மேற்சொன்ன சோதனையில் தேறிவிடுகிறதே? வழியை விளக்கினால் கேட்பவருக்கு விவரம் கிடைக்கத்தானே செய்கிறது? உண்மைதான். ‘டெல் மீ தி ரூட்’ சரியாக இருக்கும்போது ‘எக்ஸ்ப்ளெயின் மீ தி ரூட்’ தவறாவதற்குப் பொருளில் காரணம் தேடினால் கிடைக்காது. அது அந்தச் சொல் வந்த வழியில் இருக்கிறது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், பிரெஞ்சு மொழி அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்தது. பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. கிவ், செண்ட், டெல், ஷோ, லெண்ட், செல், பிரிங் போன்ற பழைய ஜெர்மானியச் சொற்கள் இரட்டைச் செயப்படுபொருளைத் தம் பிறப்புரிமையாக வைத்துக்கொண்டன. எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், சஜெஸ்ட், டொனேட், காண்ட்ரிபியூட், இன்ட்ரட்யூஸ், ரிப்போர்ட், டெமான்ஸ்ட்ரேட் போன்று லத்தீன் வழி வந்தவற்றில் பெரும்பாலானவை அந்த உரிமையைப் பெறவே இல்லை. அவற்றுக்கு ‘டு’ இல்லாமல் பெறுபவர் கிடையாது. ‘கிவ் தி டெம்பிள் 1000 ருபீஸ்’ சரி. ‘டொனேட் தி டெம்பிள் 1000 ருபீஸ்’ தவறு. ‘டொனேட் 1000 ருபீஸ் டு தி டெம்பிள்’ சரி. கோயிலுக்குக் கிடைத்த பணம் ஒன்றுதான்.

எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலேயக் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். குழந்தை சொல்லின் ஓசையைக் கேட்கிறது. பழைய சொற்கள் பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அசை இருந்தாலும் அழுத்தம் முதல் அசையில் விழும். லத்தீன் வழிச் சொற்கள் பெரும்பாலும் நீளமானவை, அழுத்தம் பின்னால் விழுபவை: எக்ஸ்-ப்ளெயின், டிஸ்-க்ரைப், சஜ்-ஜெஸ்ட். பிறப்பால் வெளியிலிருந்து வந்தவையானாலும் முதல் அசையில் அழுத்தம் பெற்றுவிட்ட ‘ஆஃபர்’, ‘பிராமிஸ்’ இரண்டும் உள்ளூர்க்காரர்போல் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டன: ‘தே ஆஃபர்ட் மீ எ ஜாப்’. இதற்கும் விதிவிலக்குகள் உண்டு. ‘அசைன்’, ‘அலாட்’ போன்றவை பின்னசையில் அழுத்தம் வைத்துக்கொண்டே இரட்டைச் செயப்படுபொருளை ஏற்கின்றன. விதியைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாமல் திசைகாட்டியாக வைத்துக்கொண்டால் அது நம்மை ஏமாற்றாது.

குழந்தைகளைப் பற்றிய இந்தக் கேள்வி மொழியியலில் பெரிய விவாதமாகவே நடந்தது. ‘இது தவறு’ என்று யாரும் திருத்தாமலே குழந்தை எப்படி ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ போன்ற வாக்கியங்களை ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது என்ற புதிரை 1979-இல் பேக்கர் என்ற மொழியியலாளர் முன்வைத்தார். 1989-இல் குரோப்பன், பிங்கர் உள்ளிட்ட ஐவர் வெளியிட்ட ஆய்வு, மேலே சொன்ன இரண்டு வாயில்களையும் ஆராய்ந்தது: உடைமை மாறுகிறதா என்ற பொருள் வாயில், சொல்லின் ஓசை வடிவம் என்ற இன்னொரு வாயில். ஆங்கிலக் குழந்தைகளும் ‘சே மீ’ என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இதை நம் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று எழுதுபவர் அறிவில் குறைந்தவர் இல்லை. கேட்ட வாக்கியங்களிலிருந்து ஒரு விதியைத் தானே கண்டெடுத்து, அதை ஓர் அடி கூடுதலாக நீட்டிவிட்டவர்.

‘சே’ தனியாகக் கவனிக்க வேண்டிய வினை. அது பழைய சொல், ஓரசைச் சொல், ஆனாலும் ‘சே மீ தி ரேட்’ தவறு. இங்கே தடை பொருளில் இருக்கிறது. ‘டெல்’ என்றால் கேட்பவருக்கு விவரம் போய்ச் சேர வேண்டும். ‘சே’ என்றால் வாயிலிருந்து சொல் வெளிவந்தால் போதும், கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கத்துவது, முணுமுணுப்பது, கிசுகிசுப்பது ஆகியவற்றைக் குறிக்கும் வினைகளும் அப்படியே. அவை குரல் எப்படி இருந்தது என்பதைச் சொல்பவை, யாருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பொருட்படுத்தாதவை. ‘ஷவுட் மீ தி நம்பர்’ என்று எழுதக் கூடாது. நேர்மாறாக, சேதி அனுப்பும் கருவியின் பெயர் வினையாக மாறினால் உடனே கதவு திறந்துவிடுகிறது. ஃபேக்ஸ் வந்தபோது ‘ஃபேக்ஸ் மீ தி பில்’ வந்தது. பிறகு ‘இமெயில் மீ தி டீடெய்ல்ஸ்’. இப்போது ‘வாட்ஸாப் மீ தி போட்டோ’. எந்த இலக்கண ஆசிரியரும் உத்தரவு போடவில்லை. கருவி எதுவானாலும் மறுமுனையில் இருப்பவருக்குச் சேதி கிடைக்கிறது, அதனால் அமைப்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இரட்டைச் செயப்படுபொருள் ஏதோ பழைய பட்டியலில் உறைந்து கிடப்பதில்லை, இன்றும் புதுச் சொற்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆங்கில வினைகளை இப்படி வகை வகையாகப் பிரித்துக் காட்டிய மொழியியலாளர் பெத் லெவினின் 1993-ஆம் ஆண்டுத் தொகுப்பும், இந்தச் செய்திக்கருவி வினைகளைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது.

இன்னும் இரண்டு தவறுகளை இந்த மலையில் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, ‘சஜெஸ்ட் மீ எ குட் ஹோட்டல்’. இது தமிழ்நாட்டில் மட்டும் இல்லை, இந்தியா முழுவதும் எழுதப்படுவது. படிப்பவருக்குப் பொருள் புரியாமல் போகாது. ஆனால் வேலைக்கான விண்ணப்பத்திலோ தேர்விலோ அது தவறு என்றே குறிக்கப்படும், அதனால் ‘சஜெஸ்ட் எ குட் ஹோட்டல்’ என்று நிறுத்திக்கொள்வதே நல்லது. கேட்பவருக்காகத்தான் அந்த யோசனை என்பது கேள்வியிலேயே தெரிகிறதே. மற்றது, தேவையில்லாத இடத்தில் ‘டு’ போடுவது: ‘டெல் டு ஹிம்’, ‘ஆஸ்க் டு ஹிம்’. ‘அவரிடம் சொல்’, ‘அவரிடம் கேள்’ என்று தமிழில் உருபோடு வருவதால் ஆங்கிலத்திலும் ஏதோ ஒன்று தேவை என்று கை தேடுகிறது. டெல், ஆஸ்க் இரண்டுக்கும் பின்னால் ஆள் நேராக வந்து நிற்க வேண்டும்: ‘டெல் ஹிம் தி டைம்’, ‘ஆஸ்க் ஹிம் எ கொஸ்டின்’.

இரண்டு வடிவமும் சரியாக இருக்கும் வினைகளில் எப்போது எதைத் தேர்ந்தெடுப்பது? பள்ளிப் பாடம் இதைத் தொடுவதே இல்லை. ஆங்கிலம் பேசுபவர்கள் இதில் மனம்போனபடி நடப்பதில்லை. மொழியியலாளர் ஜோன் பிரெஸ்னன் தம் குழுவினரோடு 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடல்களில் இந்த வாக்கியங்களைத் திரட்டிப் பார்த்தது. பெறுபவர் ஏற்கெனவே பேச்சில் வந்தவரா, பிரதிப் பெயரா, உயிருள்ளவரா, எத்தனை சொல் நீளம் ஆகியவற்றை வைத்தே பேசுபவர் எந்த வடிவத்தை எடுப்பார் என்று 100-க்கு 90-க்கு மேல் சரியாகக் கணிக்க முடிந்தது. தெரிந்தது முன்னே, புதியது பின்னே. குறியது முன்னே, நெடியது பின்னே. ‘தி கார்டு ஷோட் அஸ் தி ஓல்டு ஸ்டீம் எஞ்சின் அட் குன்னூர்’ என்பது இயல்பாக ஓடுகிறது. ‘அஸ்’ சிறியது, பேச்சில் இருப்பது. எஞ்சின் நீளமானது, புதியது. ‘தி கார்டு ஷோட் தி ஓல்டு ஸ்டீம் எஞ்சின் அட் குன்னூர் டு அஸ்’ என்றால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் வாக்கியம் இறுதியில் தடுக்கி விழுகிறது. பெறுபவர் நீளமானால் எதிர்வடிவம் வேண்டும்: ‘ஹி ஷோட் தி எஞ்சின் டு தி சில்ட்ரன் ஹூ ஹேட் கம் ஃப்ரம் மேட்டுப்பாளையம்’. பொருளே பிரதிப் பெயராகச் சுருங்கிவிட்டால் ‘கிவ் இட் டு மீ’ என்பதே வழக்கம். ‘கிவ் மீ இட்’ பேச்சில் கேட்கும், எழுத்தில் அரிது. இங்கிலாந்தின் சில வட்டாரங்களில் ‘கிவ் இட் மீ’ என்றும் சொல்வார்கள். நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

தமிழும் இதே ஒழுங்கைத்தான் விரும்புகிறது. ‘யாருக்கு அந்தக் கம்பளியைக் கொடுத்தாய்?’ என்ற கேள்விக்கு ‘கம்பளியைப் பாட்டிக்குக் கொடுத்தேன்’ என்றும், ‘பாட்டிக்கு என்ன கொடுத்தாய்?’ என்ற கேள்விக்குப் ‘பாட்டிக்குக் கம்பளி கொடுத்தேன்’ என்றும் பதில் வருகிறது. புதிய சேதி வினைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இந்த உணர்வை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம். வினை நடுவில் இருக்கும் மொழி என்பதால் புதிய சேதிக்கு அங்கே வாக்கியத்தின் கடைசி இடம்.

இவை எல்லாம் ஒன்றுசேரும் இடத்தைக் காட்ட ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர், பச்சைத் தேயிலை கொள்முதல் செய்யும் தொழிற்சாலைக்கு ஆங்கிலத்தில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘ஐ சப்ளைட் யூ க்ரீன் லீஃப் இன் மார்ச்’ என்று தொடங்குகிறார். ‘சப்ளை’யும் ‘புரொவைட்’டும் கொஞ்சம் தனிப்போக்கு உள்ளவை. இலை தொழிற்சாலைக்குக் கிடைத்தது உண்மை, ஆனாலும் எழுத்து ஆங்கிலத்தில் ‘ஐ சப்ளைட் க்ரீன் லீஃப் டு யூ’ என்றோ, ஆளை முன்னே வைத்தால் ‘ஐ சப்ளைட் யூ வித் க்ரீன் லீஃப்’ என்றோ எழுதுவதே பாதுகாப்பு. அடுத்து ‘யூ ஹேவ் நாட் பெய்ட் மீ தி பேலன்ஸ்’. இது சரி, பே பழைய பிரெஞ்சுச் சொல்லே ஆனாலும் ஓரசை, பணம் கிடைக்க வேண்டியவர் நேராக நிற்கிறார். ‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ தி டிடக்ஷன்’. இது தவறு, ஈரத்துக்காகக் கழித்த எடைக்குக் காரணம் கேட்க ‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் தி டிடக்ஷன் டு மீ’ என்று எழுத வேண்டும். ‘செண்ட் மீ தி வெயிட் ஸ்லிப்ஸ்’. சரி.

கடைசி வரியில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள்: ‘ஐ வாஸ் நாட் எக்ஸ்ப்ளெயின்ட் தி ரேட்’. செயப்பாட்டு வினையில் ஆங்கிலம் செய்வது தமிழுக்கு முற்றிலும் அன்னியம். தமிழில் ‘எனக்கு அறை கொடுக்கப்பட்டது’ என்னும்போது எழுவாய் அறைதான்; ‘எனக்கு’ தன் உருபோடு அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் பெறுபவரே எழுவாயாக ஏறி உட்காரலாம்: ‘ஐ வாஸ் கிவன் எ ரூம்’. இந்த உரிமை யாருக்கு என்றால், செய்வினையில் வினைக்கு அடுத்து ‘டு’ இல்லாமல் நிற்க முடிந்தவருக்கு மட்டும். ‘கிவ் மீ’ உண்டு, ஆகவே ‘ஐ வாஸ் கிவன்’ உண்டு. ‘டெல் மீ’ உண்டு, ஆகவே ‘ஐ வாஸ் டோல்ட்’ உண்டு. ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ கிடையாது, ஆகவே ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட்’ என்பதும் கிடையாது. அப்படி எழுதினால் யாரோ அந்த விவசாயியையே விளக்கிவிட்டதுபோல் ஆகும். விலை எழுவாயாக வந்தால் சரியாகிவிடும்: ‘தி ரேட் வாஸ் நாட் எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ’. ‘நோபடி டோல்ட் மீ தி ரேட்’ என்று எழுதினால் இன்னும் நேராகவும் அழுத்தமாகவும் இருக்கும்.